பூப்போட்ட உறை

இருபது வருடமாக ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். எனக்கு வாய் நீளம். ஆனால் வேலை சுத்தம்.

இன்று ஒரு வீட்டில் ஏசி குளிரவே இல்லை என்று கூப்பிட்டார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால், அவுட்டோர் யூனிட் பூப்போட்ட உறைக்குள் மூச்சுமுட்டி நின்றது. அழுக்குப் படியாமல் இருக்கவாம்!

"காத்து போக வேண்டாமா? இதுக்குப் பாவாடை தைச்ச புண்ணியவதி யாரும்மா?" என்று கத்திக்கொண்டே உறையை உருவினேன். தகடுகளில் அப்பியிருந்த தூசியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகு அறை ஜில்லென்றானது.

வீட்டுக்கார அம்மா மெதுவாகச் சொன்னார்: "உங்க சம்சாரம்தாங்க தைச்சுக் கொடுத்தாங்க. உங்க நம்பரும் அவங்க கொடுத்ததுதான்."

மாலையில் வீட்டுக்கு வந்து, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவளிடம் உறையை நீட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "நான் மூடலேன்னா, திறக்கச் சொல்லி உங்களை யாருங்க கூப்பிடுவாங்க?"