மேற்கு எல்லையில் தீ

வடமதுரையைத் தாண்டி, ஒரு கரட்டின் அடிவாரத்தில் எங்கள் அமைப்பு பார்த்துக்கொள்ளும் முள்காடு இருக்கிறது. தேவாங்குகள் வாழும் இடம் என்று தெரிந்ததும், ஒரு குடும்பம் தங்களுடைய அந்தத் தரிசு நிலத்தை எங்களிடம் ஒப்படைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அமைப்பு என்றால் மூன்றே பேர்: நான், ஒருங்கிணைப்பாளர், காவலுக்கு ஒருவர்.

முதல் வேலையாகச் சுற்றிலும் கம்பிவேலி போட்டோம். அடுத்த வாரமே மேற்குப் பக்கம் அறுந்து கிடந்தது. இழுத்துக் கட்டினோம். மறுபடியும் அறுந்தது. யார் என்று நாங்கள் விசாரிக்கும் முன்பே பக்கத்து ஊரில் ஆடு வளர்க்கும் ஒரு பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நான்தான் அறுத்தேன். இப்ப என்னாங்கிற?"

"அக்கா, உள்ள தேவாங்கு இருக்கு. ஆட்டுத் தழைக்குக் கெளைய ஒடிச்சுட்டா அது எங்க போகும்?"

"என் ஆடு மட்டும் எங்க போகும்? தண்ணிக் குட்டைய உள்ள வச்சு அடைச்சுப்புட்டு எங்கிட்ட நாயம் பேசுறியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அன்று பஸ்ஸில் திண்டுக்கல் திரும்பும்போது, அவர் சொன்னதில் என்ன தப்பு என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வேலி போடும் முன் அந்த ஊரில் ஒருவரிடமும் நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

ஒருங்கிணைப்பாளரை அழைத்துக்கொண்டு ஊர்க் கூட்டத்துக்குப் போனேன். முதலில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதன்பிறகுதான் பேச்சு நகர்ந்தது. மேற்கில் கம்பியை எடுத்துவிடுவது, எல்லையோரம் ஒரு வண்டிப்பாதை அகலத்துக்கு ஆடுகள் மேயலாம், குட்டைக்குப் போய்வரலாம்; அதற்கு உள்ளே யாரும் கிளை ஒடிக்கக்கூடாது. இந்த யோசனையைச் சொன்னதே கம்பியை அறுத்த அந்த அக்காதான். ஒருங்கிணைப்பாளர் அரை மனதோடு தலையாட்டினார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு பங்குனி மத்தியானம் திண்டுக்கல்லில் ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். அக்காவிடமிருந்து போன்.

"ஏம்மா, மேக்கால தீப் புடிச்சிருக்கு. சருகுல பத்தி நம்ம பக்கம் வருது. நான் ஆளுகளக் கூப்பிட்டுட்டேன். நீ வெரசா வா."

தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை முறுக்கினேன். வழியெல்லாம் வானத்தையே பார்த்துக்கொண்டு போனேன். புகை கரட்டை மறைத்திருந்தது. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அங்கே முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கண்மாய்க் கரையில் நூறு நாள் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே ஓடி வந்து, வேப்பங்கொத்துகளால் தீயை அடித்துக்கொண்டிருந்தார்கள். முருங்கைத் தோட்டக்காரர் ஒருவர் பூச்சிமருந்து அடிக்கும் மிஷினில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டியிருந்தார். ஆடு மேய்ந்த பாதையில் புல்லே இல்லாததால் பெரும்பாலான இடத்தில் தீ அங்கேயே நின்றுவிட்டது. ஒரு மூலையில் மட்டும் தாண்டி உள்ளே போயிருந்தது. நானும் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்தேன்.

"காத்துக்கு எதுக்க நிக்காதம்மா, முகம் வெந்துரும். இங்கிட்டு வா!" என்று அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். அவருடைய சேலை ஓரம் கருகியிருந்தது.

தீயணைப்பு வண்டி மண்பாதையில் ஏறி வந்தபோது அணைக்க வேண்டியது புகை மட்டும்தான். வந்த வீரர்கள் அந்தப் பெண்களை ஒருமுறை பார்த்தார்கள். "நீங்களே முடிச்சுட்டீங்களேம்மா" என்றார் ஒருவர்.

எரிந்த மூலையை ஒட்டிய கிளுவைப் புதரில், முருங்கைத் தோட்டக்காரர்தான் முதலில் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு பந்து. தேவாங்கு. தலையைத் தூக்கி, பெரிய கண்களால் எங்களைப் பார்த்துவிட்டு, பொறுமையாக உள்கிளைக்கு நகர்ந்தது. அதைக் கண்டால் போகிற காரியம் விளங்காது என்று கல்லெறிந்த ஊர் அது. அன்று ஒருவரும் கல்லைத் தொடவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகையைக் காரணம் சொல்ல முடிந்தது.

ஐப்பசி மழை விழுந்த மறுநாள், எரிந்த மூலையில் என்ன நடலாம் என்று பார்க்கத் தனியாகத்தான் போனேன். ஊர்க்காரர்கள் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். அவரவர் தோட்டத்து வேலியில் வெட்டிய, நட்டாலே துளிர்க்கும் கிளுவைப் போத்துகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. அக்கா கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"ஒங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? எங்க காட்டுல நாங்க நடுறோம்" என்றார், நிமிராமலே.

அந்த வார்த்தைக்காக எத்தனை வருடம் வேண்டுமானாலும் வேலை செய்திருப்பேன். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஒரு கட்டுப் போத்தைத் தோளில் தூக்கிக்கொண்டேன்.