நம்பர் பிளேட்டுக்குப் பின்னால்

வெல்டருக்குப் பொறாமை என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பழைய பிக்கப் வண்டியால்தான். அது மாமனாரின் வண்டி. அதற்கு அடியில் இவர் படுத்து எழாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. துரு தட்டினார், ஓட்டை அடைத்தார், தொங்கிய கதவை நிமிர்த்தினார். கடைசியில் மாமனார் சாவியைத் தூக்கிச் சின்ன மாப்பிள்ளை கையில் கொடுத்துவிட்டார். இவருக்குக் கிடைத்தது ஒரு கைக்கடிகாரம். அதுவும் ஓடாது.

அந்தச் சகலைதான் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இளித்தான்.

“அண்ணா, படகு டிரெய்லரை இழுக்கணும். ஒரு கொக்கி மாட்டிக் குடுங்க. ஆனா வெளியில தெரியக் கூடாது. வண்டியோட அழகு கெட்டுடும் பாருங்க.”

வண்டியின் அழகைப் பற்றி இவன் எனக்குச் சொல்கிறானா என்று வெல்டருக்கு வயிறு எரிந்தது. வாய் மட்டும், “விட்டுட்டுப் போ” என்றது.

சேஸிஸின் குறுக்கே கனமான இரும்பை வைத்து போல்ட் போட்டு இறுக்கினார். அதன் நடுவில் ஒரு சதுரக் குழாயைப் பற்றவைத்தார். குழாயின் வாய் நம்பர் பிளேட்டுக்கு நேர் பின்னால் வரும்படி பம்பரை அறுத்தார். பிளேட்டுக்குக் கீல் வைத்தார். கீழே மடக்கினால் குழாய் தெரியும், கொக்கியைச் செருகிக்கொள்ளலாம். மேலே தூக்கிவிட்டால் ஒன்றுமே இல்லை.

பற்றவைத்த இடத்தை அவர் என்றைக்கும் தேய்த்ததில்லை. மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக நிற்கும் அந்த வரியில் அவருக்கு அத்தனை கர்வம். மாமனார் வீட்டு கேட்டில் அது இருக்கிறது. “பெரிய மாப்பிள்ளை வேலை” என்று வந்தவர்களிடமெல்லாம் மாமனார் அதைத் தடவிக் காட்டுவார். இந்தத் தடவை வெல்டருக்கு வீம்பு. குனிந்து பார்த்தாலும் தெரியக் கூடாதென்று கிரைண்டரால் வழவழவென்று தேய்த்து, மங்கிய கறுப்பு பெயிண்டும் அடித்தார்.

சாவியைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை போட்டார். “நான் செஞ்சேன்னு மாமாகிட்ட மூச்சு விடக் கூடாது.”

“ஏண்ணா?”

“அவரே சொல்லட்டும்.”

மாமனார் தானாகவே கண்டுகொள்ள வேண்டும். வண்டியை இவருக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் நொந்துகொள்ள வேண்டும். அந்த ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடும்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள்.

“மாமா, இதுல ஒரு கொக்கி மாட்டியிருக்கு. கண்டுபிடிங்க பாப்போம்!” என்றான் சகலை.

மாமனார் வண்டியைச் சுற்றி வந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பம்பருக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். வெல்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் அந்த வழவழப்பின் மேலேயே போய் வந்தன. எங்கும் நிற்கவில்லை.

சகலை பிளேட்டை மடக்கிக் காட்டினான். மாமியார்கூடக் கை தட்டினார்.

“அடேயப்பா! யாருப்பா செஞ்சது?”

சகலை வெல்டரைத் திரும்பிப் பார்த்தான். வாக்குக் கொடுத்துவிட்டானே. “தெரிஞ்சவர் ஒருத்தர், மாமா.”

நான்தான் என்று வெல்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தானே சொல்லிக்கொள்வதற்கு என்ன மதிப்பு?

மாமனார் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வெல்டரின் தோளில் தட்டினார், அன்பாகத்தான்.

“பாத்தீங்களா மாப்ளே, வேலைன்னா இது! நீங்களும் ஒருநாள் அந்த ஆளைப் போய்ப் பாருங்க.”

“பாக்கறேன் மாமா” என்றார் வெல்டர்.