எட்டுக் கதவுகள், ஒரு தொட்டி

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஹாஸ்டலில் எண்ணெய்க் குளியல். ஜொகூரில் வெள்ளிதானே விடுமுறை, பெண்களுக்குத் தலைமுழுக வேறென்ன நாள் வேண்டும்?

ஆனால் இந்த முறை புதுக் கட்டடம். இஞ்சினியர் துரை எட்டு பாத்ரூம் கட்டிக் கொடுத்திருக்கிறார். வெள்ளை ஓடு, பித்தளைக் குழாய், கதவுக்குத் தாழ்ப்பாள். நான் படித்த காலத்தில் ஹாஸ்டல் இருந்த பழைய பலகை வீட்டில் முற்றத்தில் ஒரே ஒரு சிமெண்டுத் தொட்டி. சுற்றி நின்று ஒருத்தி தலையையும் முதுகையும் இன்னொருத்தி தேய்ப்போம். வாய் சும்மா இருக்குமா? ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் மகளான எனக்கு இங்கிலீஷ் பேசத் தைரியம் வந்ததே அந்தத் தொட்டியடியில்தான். வகுப்பில் அல்ல. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்; இன்று அதே பள்ளியில் டீச்சர், அதே ஹாஸ்டலில்தான் வாசம். தொட்டிக்கு நன்றி சொல்ல வேண்டாமா?

அஞ்சலைக்கு அந்தத் தொட்டி கிடைக்கவில்லை. கோத்தா திங்கிப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். புதுக் கட்டடம் திறந்த பிறகு வந்தவள். தனிக் கட்டில், தனி அலமாரி, தனிக் கதவு... யாரோடும் பேசவில்லை. அழைத்துப் போகும்படி அப்பாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். சனிக்கிழமை காலை அவர் வருவதாக இருந்தது. போகாதே என்று நான் சொல்லிப் பார்த்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள் — அவ்வளவுதான்.

வெள்ளியன்று எட்டுக் கதவும் சாத்தியிருந்தது. திடீரென்று ஒன்று திறந்து பராசக்தி வெளியே வந்தாள். யாழ்ப்பாணத்துக் கிளார்க் மகள், பெரிய வகுப்பு. கண்ணில் சீயக்காய். தடவித் தடவிப் பின்முற்றத்துத் துணி துவைக்கும் தொட்டிக்குப் போனாள். அங்கே அஞ்சலை, ஊருக்குக் கொண்டுபோகும் பாவாடையை அலசிக்கொண்டிருந்தாள். நான் மாடியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தேன்.

பராசக்தி யாரென்று கேட்காமலே தண்ணீர் ஊற்றச் சொன்னாள். அஞ்சலை ஊற்றினாள்.

"ஆர் பிள்ளை நீ?"

"அஞ்சலை, அக்கா."

"பின்பக்கம் எண்ணெய் போகேல்லை. தேய்ச்சு விடன்."

அஞ்சலை ஈரக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்க தலையில நான் கை வைக்கலாமாக்கா?"

"ஏன், உன்ர கையில முள்ளே கிடக்கு?"

அஞ்சலை சிரித்தாள். அந்தச் சிரிப்பை நாங்கள் கேட்டதே அன்றுதான்.

சத்தம் கேட்டு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சீயக்காய்க் கிண்ணமும் கையுமாக எல்லாரும் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். சீனப் பெண் ஒருத்தி வேடிக்கை பார்க்க வந்து, தன் தலைக்கும் எண்ணெய் கேட்டு வாங்கினாள். அஞ்சலை ஒருத்தியே நாலு தலை தேய்த்தாள். ஐந்தாவதாக அவள் தலையைப் பராசக்தி தேய்த்தாள்.

கல்லையும் சிமெண்டையும் அடுக்குகிறவர்கள் நம் பழக்கத்தையும் சேர்த்தே கட்டுகிறார்கள். யார் யாரோடு பேசுவது, யார் தலையை யார் தொடுவது — எல்லாம் பிளானிலேயே இருக்கிறது. துரை நல்ல மனதோடுதான் தாழ்ப்பாள் போட்டார். தலைமுழுகுவது ஒருத்தியால் ஆகிற வேலை என்று நினைத்துவிட்டார்... பாவம்.

மறுநாள் அஞ்சலையின் அப்பா பெட்டி தூக்க வந்து வாசலில் நின்றார். அவள் பெட்டி இல்லாமலே அவரிடம் போனாள்.

"அடுத்த வெள்ளி நான் இல்லன்னா பராசக்திக்காவுக்குத் தேச்சு விட ஆளு இல்லப்பா. நீங்க போயிட்டு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

மாலையில் மேட்ரன் அம்மையார் கூப்பிட்டனுப்பினார். இவ்வளவு செலவு செய்து பாத்ரூம் கட்டியும் துணி துவைக்கும் இடத்தில் குளிப்பானேன், பாத்ரூமில் என்ன குறை என்று கேட்டார்.

"ஒரு குறையும் இல்லை அம்மா," என்றேன். "முதுகுதான் எட்டவில்லை."