சூடு போகுமுன் ஒரு கொத்து மீன்

இதை எழுதலாமா, விட்டுவிடலாமா என்று வருஷக்கணக்காக இழுத்தடித்தேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. மீன் தின்ற கதைக்குள் முருகனையும் இழுக்கிறானே என்று கோயிலில் நாலு பேர் சிரிப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

பாரிசவாதம் வந்து என் வலக்கை விழுந்துபோனது. கால் ஒருவாறு தேறியது, கை தேறவில்லை. சாப்பாட்டை இடக்கையால் தொடக்கூடாது என்றே வளர்ந்தவன் நான். கரண்டியால் எடுக்கவும் மனம் ஒப்பவில்லை. கோயிலில் விபூதி வாங்கும்போதுகூட, இடக்கையால் வலக்கையைத் தூக்கித்தான் ஐயர் முன் நீட்டுவேன். அதனால் மனைவிதான் ஊட்டினாள். சபையில் அவள் ஊட்டச் சாப்பிட வெட்கம். கல்யாண வீடுகளுக்குப் போனாலும் சாப்பிடாமலே பாபகூராவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

ஒரு வசந்தத்தில் மகள் வந்து நின்றாள்.

"அப்பா, வைட்பெயிட் சீசன் முடியுது. அம்மாக்கு அதெண்டா உயிர். ஜப்பான் கடையில புக் பண்ணிட்டன். நோ எக்ஸ்கியூசஸ்."

நாங்கள் மீன் தொடாத செவ்வாய், வெள்ளி இல்லாமல் புதன்கிழமையாகப் பார்த்திருந்தாள். நான் மறுத்தால் மனைவியும் போகமாட்டாள் என்பது தெரியும். போனேன்.

வைட்பெயிட் என்பது கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் குஞ்சு மீன். நூல் போன்ற உடம்பு, கறுப்புப் பொட்டாக இரண்டு கண். அந்தக் கடையில் நீளமான மரப்பலகையின் முன்னால் எங்களை இருத்தினார்கள். மறுபக்கத்தில் வயதான சமையல்காரர் எண்ணெய்ச் சட்டியோடு நின்றார். மீனை மெல்லிய மாவில் புரட்டிக் கொத்தாகப் போட்டு, பொரிந்த கையோடு ஆளுக்கொன்று வைத்தார். அதைச் சாப்பிட்டு முடித்தால்தான் அடுத்ததைப் போடுவார். அதுதான் அந்தக் கடையின் முறை.

மனைவி என் தட்டிலிருந்து பிய்த்து ஊதி ஊட்டினாள்.

"வாயைத் திறவுங்கோ. பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கும் இப்பிடித்தான் வாயே திறக்கேல்லை."

மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மெல்ல மெல்லத்தான் விழுங்குவேன். என் கொத்து முடிவதற்குள் மனைவியின் கொத்து ஆறித் துவண்டுவிட்டது. சமையல்காரர் அதைப் பார்த்தார். அதை எடுத்துவிட்டு, எங்கள் இருவருக்கும் புதிதாகப் பொரித்து வைத்தார். அவள் மறுபடியும் என் தட்டுக்கே கையைக் கொண்டுபோனாள்.

அவர் மகளிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"இதுதான் கடைசி மீனாம், அப்பா. இந்த வருஷத்துக்கு இனி இல்லையாம். சூடு போனா டேஸ்டும் போயிடுமாம்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா, அம்மா சூடாச் சாப்பிட்டு எவ்வளவு காலம் தெரியுமோ?"

"சும்மா கிட, பிள்ளை. எனக்கு ஆறினதுதான் விருப்பம்" என்றாள் மனைவி.

ஆறின சாப்பாட்டில் யாருக்கு விருப்பம்? வீட்டிலும் நான் வாய் துடைத்த பிறகுதான் அவள் கோப்பையில் சோறு விழும். அவளுடைய கொத்திலிருந்து ஆவி மெலிந்துகொண்டிருந்தது.

அப்பனே முருகா, இது உனக்குத் தெரிந்தே நடக்கட்டும் என்று மனதுக்குள் சொன்னேன். இடக்கையை நீட்டி அந்தக் கொத்தை எடுத்தேன். விரல் சுட்டது. உப்பில் தொட்டு அவள் வாய்க்கு நேரே பிடித்தேன்.

அவள் என் இடக்கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். என்னைவிட ஆசாரம் பார்ப்பவள் அவள். எழும்பிப் போய்விடுவாளோ என்று பயந்தேன்.

வாயைத் திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

"உப்புக் காணாது" என்றாள்.

அடுத்த துண்டுக்கு உப்பைக் கூட்டிக் கொடுத்தேன். மகள் மற்றப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள். மனைவி முழுவதையும் சாப்பிட்டு முடித்ததும், என் தட்டில் இருந்ததை நானே எடுத்து, அதே கையால் தின்றேன். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் சாப்பிட உட்காருகிறோம்.

கேட்டவர்கள் சிலர் இதற்குள்ளேயே கதையை மாற்றிவிட்டார்கள். முருகன் என் வலக்கையைத் திருப்பித் தந்தார் என்கிறார்கள். அவர் தரவில்லை. அது இன்னும் மடியில்தான் கிடக்கிறது. அவர் தந்தது வேறு. நீங்கள் யாருக்காவது இதைச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். இடக்கையை மட்டும் இடக்கை என்றே சொல்லுங்கள்.