முகவரி மாற்றும் நிரலும் என் வயிற்றெரிச்சலும்

போன வாரம் வீட்டுக்குப் புது இணைய இணைப்பு கொடுக்க வந்தவர், சுவரில் பெட்டியை மாட்டிவிட்டு அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினார். 'நேட்', அதாவது முகவரி மாற்றம், என்ற வரிக்கு நேராக டிக் விழுந்திருந்தது. "இது எப்பவும் ஆன்லயே இருக்கும் சார், தொட்டுடாதீங்க" என்றார். நான் தொடவில்லை. ஆனால் பெட்டி சூடாகிப் புதுப் பிளாஸ்டிக் வாசனை கிளம்பியதும், இருபது வருடத்துக்கு மேலான ஒரு வயிற்றெரிச்சலும் கூடவே கிளம்பியது.

பிள்ளையார்பாளையத்தில் தனசேகரன் மாடியில் வைத்திருந்த பிரவுசிங் சென்டரிலும் இதே வாசனைதான். கீழ் வீட்டில் பட்டுக்குச் சாயம் காய்ச்சும் நாட்களில் ஆவியும் சேர்ந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்கள் கம்ப்யூட்டர்தான் எரிகிறது என்று எழுந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் அங்கே கூடுவோம். இலவசமாகக் கிடைத்த மூலநிரலை எடுத்து, இதுபோன்ற சின்னக் கடைகளுக்காகச் சொந்தமாக ஓர் இயங்குதளம் உருவாக்கிக்கொண்டிருந்தோம். நெட்வொர்க் பகுதி என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். 'கொஞ்சமா?' என்று என் மனைவி கேட்பாள், அதை விடுங்கள்.

சிக்கல் இதுதான். தனசேகரனிடம் ஐந்து கணினிகள், ஆனால் ஒரே போன் லைன். அதில் கிடைப்பது ஒரே இணைய முகவரி. ஒரு கணினிதான் இணையத்துக்குப் போகலாம். மற்ற நான்கும் அந்த ஒரே முகவரியில் போய்வர, நடுவில் முகவரியை மாற்றிக் கொடுக்கும் நிரல் வேண்டும். மூன்று மாதம் ரகசியமாக முயன்றேன். வரவில்லை. எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி, முசரவாக்கத்திலிருந்து சைக்கிளில் வரும் திலகா, எட்டே நாளில் எழுதிக் கொண்டுவந்தாள்.

அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. "இது ஏமாத்து வேலை. ஒவ்வொரு மிஷினுக்கும் சொந்த அட்ரஸ் இருக்கணும், அதுதான் நெட்வொர்க்" என்றேன். சொன்னதில் நியாயம் இருந்தது. காரணம் அது இல்லை.

"நீங்க சொல்றது சரிதாண்ணா. ஆனா அட்ரஸ் வர்ற வரைக்கும் நாலு மிஷின் சும்மா இருக்குதே" என்றாள் திலகா. பிறகு, "என் புரோகிராமைப் படிச்சீங்களாண்ணா?"

"பார்த்தேன்" என்றேன். மூன்று முறை படித்திருந்தேன். ஒரு தப்பாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

கை தூக்கியதில் இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது கை என்னுடையது. சேர்க்கவில்லை. திலகா தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சென்டருக்குப் போனேன். மாடிப்படி முழுக்கக் கூட்டம். ஐந்து திரைகளிலும் மதிப்பெண் வந்துகொண்டிருந்தது. "திலகா காலையிலயே வந்து அவளோட ஃபிளாப்பியப் போட்டுட்டு, வாலாஜாபாத்ல கிளாஸ் எடுக்கணும்னு போயிட்டாப்பா" என்றார் தனசேகரன். மூன்றாவது கணினியின் முன் ஒரு பெண் தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கணக்கில் இருநூற்றுக்கு இருநூறாம். சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்கோ, ஒரு மிஷினாவது நின்றுபோகாதா என்றிருந்தது. நிற்கவில்லை.

மறுநாள் எங்கள் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன்: முகவரி மாற்றத்தைச் சேர்த்துவிடலாம், யோசித்துப் பார்த்தேன் என்று. ஏதோ எனக்கே தோன்றியதுபோல. திலகா ஒரே வரியில் பதில் போட்டிருந்தாள்: "நன்றி அண்ணா, நெட்வொர்க் பகுதி உங்களுதுதானே, உங்க பேரையும் சேர்த்தே போடுங்க."

அவள் சண்டை போட்டிருந்தால் தூங்கியிருப்பேன்.

போட்டேன். நிரல் கோப்பின் உச்சியில் முதலில் என் பெயர், அடுத்து அவள் பெயர். அகரவரிசைதான் என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த வருடம் திலகாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. வாழ்த்துச் சொல்ல நான் போகவில்லை.

இப்போது அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். தனசேகரன், மகன் வீட்டோடு இருக்க ஓசூர் போய்விட்டார். எங்கள் இயங்குதளம் இருந்த சர்வரை யாரோ எப்போதோ அணைத்துவிட்டார்கள். என்னிடம் இருந்த ஒரே சிடியும் மேல்பூச்சு உரிந்து வீணாகிவிட்டது. பெயர்களை மாற்றிப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குள், மாற்றுவதற்கு அந்தக் கோப்பு எங்குமே இல்லாமல் போய்விட்டது.