ஸ்பார்க் வராத ஞாயிற்றுக்கிழமை

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லதை மட்டும் எழுதினால் அக்காவே நம்பமாட்டார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

ஆரணியில் பட்டு நெய்யும் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. பாவாடை சட்டை போட்ட வயதிலேயே அப்பாவோடு தறிக்குழியில் இறங்கியவர். கண்ணமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டார். பட்ட காலிலே படும் என்பார்கள். அப்பா போன அதே வருடம் மாமாவும் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். மாமா விட்டுப்போனது அவர் ஓட்டிய வேன் ஒன்றுதான். அதை விற்றுவிடச் சொல்லாதவர் எங்கள் சொந்தத்தில் யாருமில்லை, நான் உட்பட. அக்கா எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்து, லைசென்ஸ் எடுத்து, பெரணமல்லூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆரணிப் பள்ளிக்கு வரும் பெண்பிள்ளைகளை ஏற்றத் தொடங்கினார். குழந்தை இல்லாதவர், அந்தப் பிள்ளைகளை “என் புள்ளைங்க” என்றே சொல்வார். ஒருத்தி சடை பின்னாமல் வந்தாலும் வண்டியை ஓரங்கட்டித் திட்டுவார். வண்டியின் ஹாரனைவிட அவர் குரல்தான் ஊருக்கு முதலில் கேட்கும்.

அதே பாதையில் பக்தவச்சலம் என்பவரும் வேன் ஓட்டினார். “பொம்பள ஓட்ற வண்டியில பொண்ணுங்கள அனுப்புறீங்களே” என்று அவர் பெற்றோர்களிடம் சொன்னது அக்காவின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. எதிரே வந்தால் இருவரும் வயலைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

ஒரு பங்குனியில், பத்தாம் வகுப்புப் பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரத்தில், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேனின் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. மெக்கானிக் ஏழுமலை பழைய இன்ஜின் ஒன்றைத் தேடிப் பிடித்து வந்தார். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. அந்த நேரத்துக்கு அந்தக் கிராமங்களிலிருந்து பஸ் கிடையாது. சனி, ஞாயிறு இரண்டு நாளில் இன்ஜினை மாற்றிவிட வேண்டும்.

ஞாயிறு மதியம் இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. நான் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. ஏழுமலை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இன்ஜின் மேல் வைத்துக்கொண்டு மறுபடி திருப்பச் சொன்னார். பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி வரவில்லை.

புது பிளக் போட்டார். வரவில்லை. கழற்றிப்போட்ட இன்ஜினிலிருந்த, பொறிக்கு மின்சாரம் தரும் காயிலை எடுத்து மாட்டினார், வயர்களை ஒவ்வொன்றாக மாற்றினார். அதற்கும் வரவில்லை. டெஸ்ட் லேம்ப்பை பேட்டரியில் கவ்வவிட்டு எங்கெல்லாம் கரண்ட் வர வேண்டுமோ அங்கெல்லாம் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் விளக்கு எரிந்தது. எல்லாம் வருகிறது, பொறி மட்டும் வரவில்லை என்றால் எங்கே போய்த் தேடுவது? ஞாயிற்றுக்கிழமை, கடையும் கிடையாது. செல்ஃபும் சோர்ந்து முனகத் தொடங்கியது. “பேஜாரா கீதுக்கா” என்று ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அன்றைக்கே விற்றிருந்தால் இந்தக் கதியே வந்திருக்காது என்று பழைய பாட்டை எடுத்தேன். அக்கா தரையில் சிதறிக் கிடந்த ஸ்பேனர்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கினார்.

பொழுது சாய்ந்தது. ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்து, நாளைக்கு வண்டி வந்துவிடும்தானே என்று கேட்டார். வரும் என்றார் அக்கா. பிறகு கைகால் கழுவி, தலையை முடிந்துகொண்டு, போனை எடுத்தார். யாருக்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை.

“நான்தாங்க பேசறேன். என் வண்டி கெளம்பல. நாளைக்கு என் புள்ளைங்களுக்குக் கணக்குப் பரீட்சைங்க. நீங்கதான் ஏத்திகினு வரணும்.”

போனில் கேட்டது பக்தவச்சலத்தின் குரல். “எத்தினி மணிக்கு வரணும்னு சொல்லுங்கம்மா” என்றார். அக்கா நேரத்தைச் சொல்லி போனை வைத்தார். முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதற்குப் பிறகும் ஏழுமலைக்கு மனசு கேட்கவில்லை. இந்த முறை விளக்கின் கவ்வியை பேட்டரியின் மறுமுனையில் மாட்டி, பொறியைத் தூண்டிவிடும் இக்னைட்டர் என்ற சின்னப் பெட்டியின் தகட்டைத் தொட்டார். விளக்கு எரியவில்லை. தகட்டைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தார். பளபளவென்று சில்வர் பெயிண்ட்.

“எர்த்தே இல்லக்கா. கரண்ட் வருதான்னு பாத்தேன், திரும்பிப் போவுதான்னு பாக்கல. இந்த எடத்துல பெயிண்ட் அடிச்சது யாரு?”

“நாந்தான்” என்றார் அக்கா.

புதுப் பாவு நூல் ஏற்றும் முன் தறியைத் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைக்காமல் நெசவாளர் வீட்டில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அதே வழக்கத்தில்தான், வேறு இன்ஜின் வருகிறதென்று சனிக்கிழமை காலை துருவையெல்லாம் சுரண்டி, பெட்டி உட்காரும் இடம், தகடு, போல்ட் துளை எதையும் விடாமல் அக்கா பெயிண்ட் அடித்து, பொட்டும் வைத்திருந்தார். அந்தப் பெட்டிக்கு இரும்போடு இரும்பு படுவதுதான் கரண்ட் திரும்பிப் போகும் எர்த், நடுவே பெயிண்ட் வந்தால் அது அறுந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஏழுமலை அந்தப் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தெடுத்துப் பெட்டியை இறுக்கினார். நான் சாவியைத் திருப்பியதும் பிளக்கில் நீலமாகப் பொறி அடித்தது. பிளக்கைப் போட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஏழுமலை என்னைக் கட்டிக்கொண்டார். அந்தப் பொறியைப் பார்த்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு இல்லை. என் மனைவி மன்னிக்கட்டும்.

பக்தவச்சலத்திடம் வர வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்றேன்.

“கூப்ட்டுட்டு வேணான்னா, இனிமே யார் கூப்ட்டாலும் அந்த ஆளு வருவாராடா?” என்றார் அக்கா.

மறுநாள் காலை பிள்ளைகள் அவர் வண்டியில் வந்தார்கள். அக்கா தன் வண்டியைக் காலியாகவே ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அது பழுதானால் இது இருக்கட்டும் என்றார். எல்லோரும் நேரத்துக்குப் பரீட்சை எழுதினார்கள்.

போன வருடம் அக்காவின் வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூருக்கு வைத்தியத்துக்குப் போன நாளெல்லாம் அவர் கவலை வண்டி கிளம்பியதா என்பதுதான். வலியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார், அதுவரை அப்படிப் பிடித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணைக்கு இருந்த சொந்தங்களுக்கும், வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருவினருக்கும், வண்டியை ஓட்டத்திலேயே வைத்திருந்த ஏழுமலைக்கும், இறுதி ஊர்வலத்தில் நடந்துவந்த பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அக்காவை அடக்கம் செய்த மறுநாள் விடிகாலையில் பக்தவச்சலம் வாசலில் வந்து நின்றார்.

“புள்ளைங்க நின்னுகினு இருக்கும்பா. என் வண்டிய பையன் எடுத்துகினு போறான். உங்க அக்கா வண்டி சாவிய குடு, நான் ஓட்றேன்.”

சாவியைக் கொடுத்தேன். முதல் திருப்பிலேயே இன்ஜின் பிடித்தது. இடுகாட்டில்கூட அழாத நான், அந்தச் சத்தம் கேட்டதும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.