தட்டில் இருந்த கொரியப் படம்

டிவிடி வாடகைக்கு விடுபவனுக்குப் படம் பார்க்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கதை சொல்லத் தெரிய வேண்டும். கடை வைத்து நொந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? முழுக் கதையும் கேட்காமல் நம் சனம் ஒரு படமும் எடுக்காது.

புலம்பெயர்ந்த தமிழர்கள் நிறைந்த புறநகரான நோபல் பார்க்கில் எங்கள் கடை. 2011இல் ஆசைப்பட்டு ஒரு கொரியப் படம் வாங்கி வைத்தேன். பாலத்தடியில் குடியிருந்து, அட்டை பொறுக்கிப் பிழைக்கும் கணவன் மனைவியின் கதை. பார்த்து அழுதேவிட்டேன். பொங்கலுக்குள் ஒருவராவது அதைக் கடைசிவரை பார்க்காவிட்டால் தட்டில் அதன் இடம் நாடகத் தொடர்களுக்குத்தான் என்று மனைவி சொல்லிவிட்டாள்.

முழுக் கதை

பக்கத்துப் புறநகரான ரோவிலிலிருந்து வரும் அன்ரி ஒருவர் கதை கேட்டார். ஒன்றுவிடாமல் முடிவு வரைக்கும் சொன்னேன். அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நகைச்சுவைப் படத்தை எடுத்தார்.

"தம்பி, நீர் சொன்னதே எனக்குக் காணும். இனிப் படத்தையும் பார்த்து இன்னொருக்கா அழவோ?"

அரைக் கதை

அதற்குப் பிறகு உஷாராகிவிட்டேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகக் கிளென் வேவர்லிக்கு வீடு மாறியிருந்த கோயம்புத்தூர்க்காரரிடம், "புருஷன் பெண்சாதி அன்பைப் பற்றிய படம்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சந்தோஷமாகக் கொண்டுபோனவர் மறுநாளே திரும்பி வந்தார்.

"ஏங்க, அரை மணி நேரமா அட்டையத்தான் அடுக்குறாங்க. எங்க வீட்டுலயே இன்னும் அட்டைப்பெட்டி பிரிச்சு முடியல, அதை டிவியிலயும் பாக்கணுமா?"

கதை கேட்காதவர்

பொங்கலுக்கு முந்தின வாரம் சிவம் வந்தார். அகதியாகப் படகில் வந்து, விசா முடிவுக்குக் காத்துக்கொண்டு, கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். கதை கேட்காமலே அந்தப் படத்தை எடுத்தார். எனக்கு மனது கேட்கவில்லை. பட்ட பாடு போதாதென்று இதையும் பார்க்க வேண்டுமா? "சோகப் படம் தம்பி, வேண்டாம்" என்று தடுத்தும் பார்த்தேன். சிரித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் அவர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்ததும், "முழுசாப் பார்த்தீரோ?" என்று என்னை முந்திக்கொண்டு மனைவியே கேட்டாள்.

"ஓம் அக்கா, ரெண்டு தரம். மற்றப் படங்களில கீழ எழுத்து ஓடிப்போயிடும். இதில அதுகள் ஆறுதலா நிண்டு நிண்டு கதைக்குதுகள், இங்கிலிஷை வாசிச்சு முடிக்கலாம். அந்த மனுசி புருசனுக்குச் சோறு எடுத்து வச்சுப்போட்டுத்தான் தான் சாப்பிடுது. எங்கட அறையிலயும் வேலையால பிந்தி வாறவனுக்கு அப்பிடித்தான் எடுத்து வைப்பம். இப்பிடி இன்னொண்டு இருக்கோ?"

அந்தப் பாலத்தடித் தம்பதிக்கு எங்கள் தட்டில் நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது; கதை கேட்காதவரே கடைசிவரை பார்த்ததால் எனக்குத்தான் கதை சொல்லும் உத்தியோகம் பறிபோனது.